அந்தியை விலைக்கு வாங்க முடியுமா?

ஆடி மாதத்து மாலை. குற்றாலத்தில் சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஐந்தருவிச் சாலையை ஒட்டி ஓடும் ஓர் ஓடைக்கரையில் மாமாவும் நானும் நின்றிருந்தோம். எதிரே பாறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சீட்டி ஒலி. பாட்டு வகுப்பில் கவனமில்லாத பையன் தன் போக்கில் விசிலடிப்பதுபோல் ஏறி இறங்கும் அந்த ஒலி சீகாரப் பூங்குருவியுடையது. மலை ஓடைகளில் வாழும் கருநீலப் பறவை அது. ஈரப் பாறையில் உட்கார்ந்தால் பாறையோடு பாறையாகிவிடும். வெறுங்கண்ணுக்கு அங்கே இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

மாமா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். சற்று நேரம் பேச்சே இல்லை.

“என்ன மருமவனே, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, இதுல பாத்தா வாலை ஆட்டுறதுகூடத் தெரியுது! உள்ள பேட்டரி எதும் வச்சிருக்கானா?”

“பேட்டரியெல்லாம் இல்ல மாமா. வெறும் கண்ணாடிதான்.”

“வெறும் கண்ணாடி எப்படி வெளிச்சத்தை உண்டாக்கும்?”

பைனாகுலரைப் பிடித்துப் பார்த்த எவரும் கேட்கும் கேள்விதான். இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ‘பெரிய கண்ணாடி நிறைய வெளிச்சத்தை வாங்கிப் பிரகாசமாகக் காட்டுகிறது’ என்பது. அதில் முன்பாதி உண்மை, பின்பாதி தவறு. எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும், எத்தனை லட்சம் செலவழித்தாலும், ஒரு பாறையையோ பறவையையோ வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாக எந்தப் பைனாகுலராலும் காட்ட முடியாது. கொஞ்சம் மங்கலாகத்தான் காட்டும். ஆனாலும் பறவை தெரிகிறது. எப்படி என்று புரிந்துகொண்டால், கடையில் பத்தாயிரம் ரூபாய்க்கும் இரண்டு லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கும் பைனாகுலர்களில் எதை வாங்கலாம் என்பதும் விளங்கிவிடும்.

தோசைக்கல் கணக்கு

பைனாகுலரின் மேல் ‘8×42’ என்று எழுதியிருப்பார்கள். முதல் எண் பெருக்கம். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், அதாவது நாற்பது மீட்டர் தூரத்துப் பறவையை ஐந்து மீட்டரில் நிற்பதுபோல் காட்டும். இரண்டாவது எண் முன்பக்கத்து வில்லையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். அதை முன்வில்லை என்றே அழைப்போம்.

அந்தி நேரத்தில் நம் கண்ணின் நடுவிலுள்ள கருந்துளை, அதாவது கண்பாவை, சுமார் 6 மில்லிமீட்டர் விரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்வில்லை 42 மில்லிமீட்டர், பாவையைப்போல் ஏழு மடங்கு அகலம். பரப்பில் ஏழேழு நாற்பத்தொன்பது மடங்கு. ஆகவே பைனாகுலர் நம் கண்ணைவிட 49 மடங்கு ஒளியை வாங்குகிறது. நம் வழக்கமான பதில் இதுவரை சரி.

ஆனால் அது பறவையை எட்டு மடங்கு பெரிதாக்கியும் காட்டுகிறது. நீளத்தில் எட்டு, அகலத்தில் எட்டு. விழித்திரையில் பறவையின் பிம்பம் 64 மடங்கு பரப்பில் விரிகிறது. 49 கரண்டி மாவை 64 மடங்கு பெரிய கல்லில் ஊற்றித் தேய்த்தால் தோசை மெல்லிதாகத்தானே வரும்? முக்கால் கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கண்ணாடிகளைக் கடக்கும்போது கொஞ்சம் ஒளி வீணாவதையும் கழித்தால், ஓரளவு நல்ல 8×42 பைனாகுலர் பாறையின் பிரகாசத்தில் சுமார் 65 விழுக்காட்டைத்தான் கண்ணுக்குத் தருகிறது.

பெருக்கத்தைக் குறைத்தால் தோசை கனமாகுமே என்று தோன்றலாம். ஆகும், ஆனால் ஓர் அளவோடு நின்றுவிடும். பெருக்கத்தை ஐந்தாகக் குறைத்தால் பைனாகுலரிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை கண்பாவையைவிட அகலமாகிவிடும். மிஞ்சிய ஒளி கருவிழியில் பட்டு வீணாகும், உள்ளே போகாது. வெறுங்கண்ணின் பிரகாசம்தான் உச்சவரம்பு. இயற்கை போட்ட இந்த வரம்பை எந்தக் கம்பெனியாலும் தாண்ட முடியாது.

நட்சத்திரங்கள் மட்டும் விதிவிலக்கு. எட்டு மடங்கு பெருக்கினாலும் நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும். தோசை விரியவில்லை, மாவு மட்டும் 49 கரண்டி. அதனால் மழை விட்ட இரவில் அதே பைனாகுலரை வானத்துக்குத் திருப்பினால் வெறுங்கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் கூட்டமாகத் தெரியும்.

சாரலில் ஓர் அண்டா

மங்கலான பிம்பத்தில் பறவை ஏன் தெளிவாகத் தெரிய வேண்டும்?

குற்றாலத்துச் சாரலையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். முற்றத்தின் இந்த மூலையில் தூறல் கூடுதலா, அந்த மூலையில் கூடுதலா என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பாட்டில் மூடிகளை வைத்து அரை நிமிடம் பார்க்கிறீர்கள். ஒன்றில் மூன்று துளி, மற்றொன்றில் ஐந்து. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அடுத்த அரை நிமிடத்தில் மாறியும் விழலாம். இரண்டு அண்டாக்களை வைத்தால்? ஒன்றில் ஆயிரத்து இருநூறு துளி, மற்றதில் இரண்டாயிரம். இப்போது சந்தேகமே இல்லை.

ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. பகலில் அது அடைமழை, மூடி வைத்தாலும் நிரம்பி வழியும். அந்தியில் அது சாரல். நம் விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள், ஏறத்தாழ 60 லட்சம். மங்கலுக்குக் கோல் செல்கள், ஏறத்தாழ 12 கோடி. மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ சுமார் 10 லட்சம்தான். எனவே இருட்டில் பல நூறு கோல் செல்கள் கூடி ஒரே இழையில் தங்கள் துளிகளைக் கொட்டுகின்றன. அந்தக் கூட்டமே ஓர் அண்டா. அண்டாவைவிடச் சிறிய பிம்பம் விழுந்தால் அதன் உருவம் அதற்குள் கரைந்துபோகும்.

வெறுங்கண்ணில் நாற்பது மீட்டர் தூரத்துப் பூங்குருவி ஒரு சிறு பொட்டு. பைனாகுலரில் அது 64 மடங்கு பரப்பில் விழுகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒளி சற்றுக் குறைவு, ஆனால் பறவைக்கென்று வேலை செய்யும் அண்டாக்கள் 64 மடங்கு. பறவையிலிருந்து வந்து சேரும் மொத்த ஒளி, வீணானது போக, நாற்பது மடங்குக்கு மேல். தலை எது, வால் எது, வால் ஆடுகிறதா என்பதெல்லாம் தனித்தனி அண்டாக்களில் விழுகின்றன.

பேட்டரி இல்லாமல் பைனாகுலர் செய்யும் வேலை இவ்வளவுதான். பிரகாசத்தை அதிகம் இழக்காமல் உருவத்தைப் பெரிதாக்குகிறது. இதில் ‘அதிகம் இழக்காமல்’ என்பதற்குத்தான் கடையில் விலை.

ஒளிப்பொட்டு

பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து, நாம் பார்க்கும் பக்கத்து வில்லையை வானத்தின் பின்னணியில் கவனியுங்கள். அதன் நடுவே சிறிய ஒளிவட்டம் ஒன்று மிதக்கும். அதற்கு ஒளிப்பொட்டு என்று பெயர் வைக்கலாம். பைனாகுலர் வாங்கிய ஒளி முழுவதும் இந்தப் பொட்டு வழியாகத்தான் வெளியே வருகிறது. அதன் அகலம் முன்வில்லையின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 8×42க்கு 5.25 மில்லிமீட்டர். சட்டைப்பையில் அடங்கும் 10×25க்கு 2.5 மில்லிமீட்டர்.

பொட்டு கண்பாவைக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் பிரகாசம் குறையாது. சிறிதாக இருந்தால், எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு இருட்டு. பகலில் பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் 10×25 குறையில்லாமல் காட்டும். கடைக்காரர் கொடுத்ததும் வாசலில் நின்று தென்காசிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சின்னதையே வாங்கி வருவது இதனால்தான். வித்தியாசம் மாலை ஆறேமுக்காலுக்குத்தான் தெரியும். அப்போது கடை வாசலில் யாரும் சோதிப்பதில்லை.

6 மில்லிமீட்டர் பாவைக்கு 10×25 தரும் பிரகாசம், உயர்ந்த கண்ணாடியாக இருந்தாலும், வெறுங்கண்ணில் தெரிவதில் சுமார் 16 விழுக்காடு. நடுத்தர விலை 8×42 தருவது 65. நான்கு மடங்கு.

துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கிக்கும் இதே கணக்குதான். உலகெங்கும் பரவலாக விற்கும் நடுத்தர வகை 3–9×40. பெருக்கத்தை மூன்றிலிருந்து ஒன்பது வரை திருகி மாற்றலாம். ஒன்பதில் வைத்தால் ஒளிப்பொட்டு 4.4 மில்லிமீட்டர். ஆறுக்குக் குறைத்தால் 6.7. இருட்ட இருட்டப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வருவது ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் பழக்கம். நம் நாட்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டை முடிந்தது. இன்று இந்த மலையடிவாரத்தில் அந்திக் கண்ணாடி தேவைப்படுவோர் வேறு ஆட்கள். பறவை பார்ப்பவர்கள், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னைக்கும் வாழைக்கும் காவல் இருக்கும் விவசாயிகள். தோப்பின் ஓரத்தில் அசைவது மட்டையா, யானையின் காதா என்று தூரத்திலேயே தெரிந்துகொள்வது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. சீசன் கடையில் குழந்தைக்கு வாங்கும் பிளாஸ்டிக் பைனாகுலர் அங்கே உதவாது.

வயதும் பாவையும்

மாமாவுக்கு அறுபத்து மூன்று வயது. இருபது வயதில் இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் பாவை, அறுபதைத் தாண்டும்போது பெரும்பாலோருக்கு 5 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. ஆளுக்கு ஆள் மாறும், போக்கு மாறாது.

இதில் வயதானவர்களுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. மாமாவின் 5 மில்லிமீட்டர் பாவைக்கு 8×42 தரும் 5.25 மில்லிமீட்டர் பொட்டு முழுமையாகப் போதும். அவர் கண் வாங்கக்கூடிய பிரகாசத்தில் கண்ணாடி விழுங்குவதைத் தவிர வேறு இழப்பில்லை. அதே பைனாகுலரை அவர் பேத்தி வைத்துப் பார்த்தால் அவள் பாவைக்கு ஏற்ற ஒளியில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அவளுக்கு 7×50 அல்லது 8×56 பயன்படும். மாமா அவற்றை வாங்கினால் கூடுதல் கண்ணாடியைக் கழுத்தில் சுமப்பார், கூடுதல் ஒளி கருவிழியில் பட்டு நிற்கும். 8×42 சாதாரணமாக 650 முதல் 700 கிராம். 8×56 ஒரு கிலோவைத் தாண்டும். அருவிக்கரையில் ஒரு மணி நேரம் நின்றால் கழுத்துக்கு அது தெரியும்.

அந்தியின் கடிகாரம்

நான்கு மடங்கு, 65 விழுக்காடு என்றெல்லாம் சொன்னால் மனதில் நிற்பதில்லை. அந்திக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. எல்லாவற்றையும் அதன் நிமிடங்களாக மாற்றிப் பார்க்கலாம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். தெளிந்த வானில் சூரியன் மறையும் தருணத்தில் சுமார் 400. சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆறு பாகை இறங்கும்போது, வெளியில் விளக்கில்லாமல் வேலை செய்ய முடியாமல் போகும் அந்த நேரத்தில், மூன்றரை லக்ஸ். பௌர்ணமி நிலவு கால் லக்ஸ் அளவு.

குற்றாலம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக அடிவானத்தில் இறங்குகிறது. 400 லக்ஸிலிருந்து மூன்றரைக்கு வர 22 நிமிடம் போதும். இடையில் வெளிச்சம் கிட்டத்தட்ட ஏழு முறை பாதியாகிறது. அதாவது குற்றாலத்து அந்தியில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிக்கொண்டே போகிறது. ‘பொசுக்குன்னு இருட்டிட்டு’ என்று நம்மூரில் சொல்வது மிகச் சரியான அளவீடு.

இப்போது இந்தக் கடிகாரத்தில் பைனாகுலர்களை வைக்கிறேன். நடுத்தர 8×42க்கும் உயர்ந்த 10×25க்கும் பிரகாசத்தில் நான்கு மடங்கு வித்தியாசம், அதாவது இரண்டு பாதிகள், ஆறரை நிமிடம். ஆனால் 10×25 பறவையை இன்னும் பெரிதாக்கிக் காட்டுவதால் இழந்ததில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும். பறவையிலிருந்து வரும் மொத்த ஒளியைக் கணக்கிட்டால் வித்தியாசம் நாலரை நிமிடம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

அன்று ஓடைக்கரையில் நாங்கள் இந்த இரண்டு பைனாகுலர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஆறு ஐம்பதுக்கு வெறுங்கண் கைவிட்டது. சின்னக் கண்ணாடியில் பறவை ஆறு ஐம்பத்தைந்துக்குப் பாறையில் கரைந்தது. பெரியதில் ஏழு மணிக்கும் தெரிந்தது. ஐந்து நிமிடம். கணக்கு கைவிடவில்லை.

அடுத்து, நடுத்தர விலைக் கண்ணாடியையும் லட்சங்களில் விற்பதையும் ஒப்பிடலாம். முன்னது தன்னுள் நுழையும் ஒளியில் 85 விழுக்காட்டைக் கடத்துகிறது, பின்னது 92ஐக் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போடும் வித்தியாசம் இது. அந்திக் கடிகாரத்தில் இதன் மதிப்பு 22 விநாடி. ஏழு மணிக்கு மறைய வேண்டிய பறவை ஏழு மணி 22 விநாடிக்கு மறையும். பிரகாசத்துக்காக மட்டும் லட்ச ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர் வாங்குவது அந்த 22 விநாடியைத்தான்.

8×42இலிருந்து 8×56க்குப் போனால் 6 மில்லிமீட்டர் பாவைக்காரருக்கு ஒன்றேகால் நிமிடம் கிடைக்கும்.

வேறு நாட்டு அந்தி

ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனம் வளர்ந்தது. கனத்த 8×56 கண்ணாடிகள் அந்த நிலத்து வேட்டைக்காரர்களை மனதில் வைத்து உருவானவை. யேனா 51 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே கோடையில் சூரியன் சாய்வாக, மெல்ல இறங்குகிறது. நமக்கு 22 நிமிடத்தில் முடியும் அந்தி அங்கே நாற்பது நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. ஒவ்வொரு பாதிக்கும் ஆறு நிமிடத்துக்கு மேல். அதே பெரிய கண்ணாடி அங்கே நம்மைவிட இரு மடங்கு நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும். ஐரோப்பியர்கள் எழுதும் சிபாரிசுகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்வதில் இந்தச் சிக்கல் இருக்கிறது. அவர்கள் சொல்வது பொய்யல்ல, அவர்கள் அந்தி வேறு.

ஆனால் நமக்கும் ஒரு நீண்ட அந்தி உண்டு. அது கடிகாரத்தில் இல்லை, மரத்தடியில் இருக்கிறது. பசுமைமாறாக் காட்டின் தரையில் மேலே விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் இறங்குகிறது. அந்தக் கடிகாரக் கணக்கில் காட்டுத் தரை வெளியுலகைவிடச் சுமார் இருபது நிமிடம் முந்திப்போகிறது. திறந்த வெளியில் சூரியன் மறையும்போது காட்டுக்குள் அந்தி முடிந்தே போயிருக்கும். இதோடு செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவ மேகமும், மேற்கே சூரியனை முன்கூட்டியே மறைக்கும் திரிகூடமலையும் சேர்ந்துகொள்ளும். மாலை நாலரைக்கே மரத்தடியில் கருமந்தியின் உருவம் இலைகளுக்குள் கரைவதை இங்கே பார்க்கலாம்.

நிறங்களும் ஒரே நேரத்தில் போவதில்லை. கோல் செல்கள் நீலப்பச்சைக்குக் கூர்மையானவை, சிவப்புக்கு ஏறக்குறைய குருடு. சீசன் கடையில் குவித்து வைத்திருக்கும் ரம்புட்டான் பழத்தை விளக்குப் போடும் முன் கவனித்துப் பாருங்கள். பகலில் இலையைவிடப் பளிச்சென்று இருந்த சிவப்பு, அந்தியில் இலையைவிடக் கறுத்துவிடும். செக் நாட்டு அறிஞர் யான் புர்க்கின்யே இதை 1825இல் எழுதி வைத்தார்.

ஒளிமூட்டம்

அப்படியானால் விலை கூடிய கண்ணாடிகள் ஏமாற்றா? இல்லை. அவற்றின் பெருமை பிரகாசத்தில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது. குற்றாலத்தில் அது தெரியும் அளவுக்குச் சமவெளியில் தெரியாது.

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அடிக்கிறது. பைனாகுலருக்குள் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் பத்துப் பன்னிரண்டாவது இருக்கும். பன்னிரண்டைக் கடந்து வந்தால் மிஞ்சுவது 61 விழுக்காடு. 1935இல் யேனாவில் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய உக்ரைனியரான ஒலெக்சாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடிமேல் ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லிய படலம் ஒன்றைப் பூசி இந்த எதிரொளிப்பைத் தணிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒற்றைப் பூச்சில் ஒவ்வொரு பரப்பின் இழப்பும் ஒன்றரை விழுக்காடு அளவுக்கு இறங்கி, மொத்தத்தில் 83 மிஞ்சுகிறது. இன்றைய பல அடுக்குப் பூச்சில் பரப்புக்கு அரை விழுக்காடு என்றால் 94. பட்டகங்களிலும் கொஞ்சம் போகும்.

திருப்பி அடிக்கப்பட்ட ஒளி எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். அது உள்ளேயே அங்குமிங்கும் மோதி, கடைசியில் ஒரு பகுதி பிம்பத்தின்மேல் பரவலாக விழுகிறது. பனிமூட்டம்போல் இதை ஒளிமூட்டம் என்போம். குற்றாலத்தில் மாலையில் எதைப் பார்க்கிறோம்? மேற்கே திரும்பி மலையை. மேலே வெளுத்த வானம், கீழே கறுத்த காடு. காட்டைப் பார்க்கும்போது வானத்தின் ஒளியும் முன்வில்லையில் விழுந்துகொண்டே இருக்கிறது.

பூங்குருவியின் பிரகாசம் 1, அது உட்கார்ந்த ஈரப் பாறையின் பிரகாசம் 2, வானம் 100 என்று கொள்வோம். பாறை பறவையைவிட இரு மடங்கு வெளிச்சம். தெளிவாகப் பிரிந்து தெரியும். வானத்தின் ஒளியில் வெறும் 2 விழுக்காடு மூட்டமாகப் பரவினால், எல்லாவற்றின் மேலும் 2 கூடும். பறவை 3, பாறை 4. இரு மடங்காக இருந்தது ஒன்றேகாலே அரைக்காலுக்கும் கீழே இறங்கிவிட்டது. பிம்பம் முன்பைவிடப் பிரகாசமாகவே இருக்கிறது, பறவையைத்தான் காணவில்லை!

நல்ல பூச்சு, குழலுக்குள் தேவையான இடங்களில் தடுப்பு வளையங்கள், உள்ளெங்கும் பளபளப்பில்லாத கறுப்பு, விளிம்புகளில் மை: இவற்றுக்குத்தான் உண்மையில் பணம் போகிறது, போகவும் வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க் கண்ணாடியில் இவை அநேகமாக இருக்காது. பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்குள் கிடைப்பவற்றில் சிலவற்றில் மிக நன்றாக இருக்கும், சிலவற்றில் விலைக்கேற்ப இருக்காது. லட்சத்துக்கு மேல் போனால் இதோடு விளிம்புவரை கூர்மை, அகன்ற காட்சி, பல்லாண்டு உழைக்கும் கட்டுமானம் எல்லாம் சேரும். நாள் முழுக்கக் கண்ணில் வைத்திருப்பவருக்கு அது தகும். குற்றாலத்து அந்திக்கு மட்டும் என்றால் நடுத்தர விலையில் நன்றாகத் தேர்ந்தெடுத்ததே போதும் என்பேன்.

கடை வாசலில்

தேர்ந்தெடுக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கையை நீட்டி ஒளிப்பொட்டைப் பாருங்கள். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். சதுரமாக வெட்டுப்பட்டு ஓரம் சாம்பல் பூத்திருந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் மலிவானது, ஒளி ஓரங்களில் கசிகிறது. பொட்டின் குறுக்கே மில்லிமீட்டர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 8×42 என்று எழுதியிருந்தும் பொட்டு நாலரைக்குள் நின்றால், உள்ளே எங்கோ வளையம் போட்டு முன்வில்லையின் ஓரத்தை மறைத்திருக்கிறார்கள். எழுதிய அளவுக்குக் காசு கொடுத்து மறைத்த அளவைத்தான் வாங்குகிறீர்கள்.

பொட்டைச் சுற்றியுள்ள பகுதி நல்ல கறுப்பாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அங்கே வெளிறிய பிறைகளும் பளபளப்பும் தெரிந்தால் அவைதான் மூட்டமாக வந்து விழப்போகின்றன. பிறகு பளிச்சென்ற வானத்துக்குக் கீழே நிழலான ஓர் இடத்தைப் பாருங்கள். கூரைக்கு அடியில் உத்தரத்தின் மரவரி தெரிகிறதா, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறுகிறதா?

முன்வில்லை செக்கச்செவேலென்று மின்னினால் மயங்க வேண்டாம். சிவப்பு நமக்குத் தெரிகிறது என்றாலே சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். நல்ல பல அடுக்குப் பூச்சில் மங்கிய பச்சையோ ஊதாவோ லேசாகத் தெரியும், வில்லைக்குள் ஆழமாகப் பார்க்க முடியும்.

சாரல் ஊரில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். நைட்ரஜன் வாயு நிரப்பி மூடி முத்திரையிட்டதா என்று. இல்லையென்றால் முதல் ஆடியிலேயே உள்ளே ஆவி படியும், இரண்டாவது ஆடியில் வில்லைமேல் பூஞ்சை வேர்விடும். எவர்சில்வர் தூக்கில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து மூடுவது நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

பைனாகுலர் இல்லாத காலத்துக் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் என்னும் வேடன் இதே மலையடிவாரத்தில்தான் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கக் காத்திருக்கிறான். திரிகூடராசப்பக் கவிராயர் அவன் கண்முன் இறக்கிவிடும் பறவைகளின் வரிசையைப் படிக்கும்போதெல்லாம், இந்த வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் இத்தனையை இனம் பிரித்தவன் கண் எப்படிப்பட்ட கண் என்று வியந்திருக்கிறேன்.

அன்று ஏழு மணி தாண்டியும் மாமா பைனாகுலரை இறக்கவில்லை.

“இருக்கா மாமா?”

“இருக்கு… இருக்கு… இரு, தண்ணிக்குள்ள எதையோ கொத்துது.” சற்று நேரம் கழித்து, “இப்பத் தெரியல வே. போயிட்டா, இருட்டிட்டா?”

ஓடையின் மேற்புறத்திலிருந்து, வெகு தொலைவில், சீட்டி கேட்டது.

“போயிட்டு” என்றார் மாமா. கையிலிருந்ததைத் திருப்பி அதன்மேல் எழுதியிருந்த எண்ணைப் படிக்க முயன்றார். எழுத்து தெரியவில்லை. விரலால் முன்வில்லையின் விளிம்பைத் தடவி, “நாப்பத்திரண்டுன்னுதானே சொன்ன?” என்று கேட்டுக்கொண்டே சாலையை நோக்கி நடந்தார்.